ஔடத தானம் செய்த அறிஞர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்குரிய கடமைகளாக நம் முன்னோர் வகுத்துச் சென்றனர். பசித்தவர்க்கு உணவும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும், பிணியுற்றவர்க்கு மருந்தும், அறியாதவர்க்கு அறிவும் வழங்குதல் அறம். இவற்றுள் ஔடத தானத்தைத் தமிழ்ச் சமணம் எத்துணை உயர்வாகக் கருதியது என்பதற்கு நூற்பெயர்களே சான்று. காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார்; கணிமேதாவியார் தம் நூலை ஏலாதி என்று அழைத்தார். இரண்டும் மருந்தின் பெயர்கள். உடற்பிணி நீக்கும் மருந்தும் உயிர்ப்பிணி நீக்கும் அறமும் ஒரே கருணையின் இரு கைகள் எனக் கண்ட மரபு நம்முடையது.

அம்மரபின் கண்கொண்டு பார்க்கும்போது, இருபதாம் நூற்றாண்டில் ஔடத தானத்தை உலகளாவிய அளவில் செய்தவர் ஒருவர் நம் நினைவிற்கு வருகிறார். அவர் உயிர்வேதியியல் அறிஞர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். நம் சமயத்தில் பிறந்தவர் அல்லர். எனினும் அவர் கற்றது சென்னையில். தேர்வில் தோற்றதும், துறவு நாடியதும், மருத்துவம் பயின்றதும், குறைந்த சான்றிதழ் பெற்று மனம் நொந்ததும் அந்நகரிலேயே. இன்று தென்பெண்ணைக் கரையிலுள்ள சோரியாங்குப்பம் போன்ற ஒரு சிற்றூரில் கருவுற்ற தாய் ஒருத்தி விழுங்கும் சத்து மாத்திரையிலும் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது. ஆயினும் அவர் பெயரை அறிந்த இல்லங்கள் மிகச் சிலவே. நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வாழ்க்கை என்பதால், அவருடைய கல்வியையும் தொடக்க கால ஆய்வையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர்; தாய் வெங்கம்மா. எழுவர் பிறந்த குடும்பத்தில் இவர் நான்காமவர். தந்தை உடல்நலம் குன்றி முன்னதாகவே பணியிலிருந்து விலக நேர்ந்ததால் குடும்பம் வறுமையுற்றது.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பைவிடப் பொருள் ஈட்டுவதில் நாட்டம் மிகுந்திருந்தது. காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் செல்வனாகிவிடலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினார். தேடிப் பிடித்து அழைத்து வரப்பட்டார்.  தாய் அவரைக் கல்வியின் பக்கம் திருப்பினார். கையிலிருந்த நகையை விற்றும் மகனைப் படிக்க வைத்த உறுதி அவ்வம்மையாருடையது.

இராஜமகேந்திரவரத்தில் பள்ளிக் கல்வி தடைபட்டது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை எழுதித் தேர்ச்சி பெற்றார். இரண்டு தோல்விகள் ஒரு மாணவனை வாழ்நாள் முழுவதும் தலைகுனிய வைத்துவிடும் என்று எண்ணுகிற பெற்றோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். உலகமெங்கும் உள்ள உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களில் பல தலைமுறைகள் பின்பற்றிய ஓர் அளவீட்டு முறையை உருவாக்கிய கை, பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோல்வி கண்ட கையே.

துறவு நாடிய உள்ளம்

பள்ளித் தேர்ச்சிக்குப் பின் சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் பயின்றார். அக்காலத்தில் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தின் தொண்டும் துறவிகளின் வாழ்க்கையும் அவரை ஈர்த்தன. செல்வம் தேடி ஓடிய சிறுவன், சில ஆண்டுகளில் அனைத்தையும் துறக்க விரும்பும் இளைஞனாக மாறியிருந்தார்.

ஆனால் தாயின் இசைவின்றித் துறவு ஏற்க இயலாது என்பது மடத்தின் நெறி, வெங்கம்மா இசையவில்லை. துறவிகளும் அவருக்கு வேறொரு வழியைக் காட்டினர். மருத்துவம் கற்றால் பிணியாளர்க்குத் தொண்டு செய்யலாம் என்பது அவ்வழி. 1915ஆம் ஆண்டு சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

நம் மரபில் இல்லறத்தார் அணுவிரதங்களையும் துறவியர் மகாவிரதங்களையும் மேற்கொள்கின்றனர். ஆசைகளை அளவுபடுத்திக்கொண்டு, மேற்கொண்ட செயலில் தவம் போல் நிலைத்து நிற்பது துறவுக்கோலம் பூணாதவர்க்கும் கைகூடும். சுப்பாராவின் பிற்கால வாழ்க்கை அதற்கு ஒரு சான்றாக அமைந்தது. மடத்தின் வாயில் அவருக்குத் திறக்கவில்லை. அங்கே கற்றுக்கொண்ட எளிமையை அவர் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார்.

கதராடையும் குறைந்த சான்றிதழும்

மருத்துவக் கல்விக்கான செலவை நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் தாங்கினர். 1919ஆம் ஆண்டு அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்தார்.

அயல்நாட்டுத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பு நாடெங்கும் பரவிய காலம் அது. சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை வகுப்பிற்கும் கதராலான மேலங்கியையே அணிந்து சென்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் செவ்வையாக எழுதியிருந்தபோதும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

சான்றிதழின் குறை அவரை விடாமல் தொடர்ந்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. இறுதியில் ஆசண்ட லட்சுமிபதியின் தொடர்பால், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளர் பணி கிடைத்தது. மேலை மருத்துவம் பயின்றவர்கள் பலர் நாட்டு மருத்துவத்தை ஏளனமாக நோக்கிய காலத்தில், சுப்பாராவ் அம்மருந்துகளின் ஆற்றலை அறிவியல் முறையில் ஆராய்ந்து நிறுவ விரும்பினார்.

கிராணி நோய் தந்த வினா

அவ்விருப்பத்திற்குப் பின்னால் ஆழ்ந்த துயரம் ஒன்று இருந்தது. சுப்பாராவின் சகோதரர் இருவர் அவருடைய இளமைப் பருவத்திலேயே சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். வெப்பமண்டல ஸ்புரூ என மருத்துவ நூல்கள் கூறும் நோய் அவர்களைக் கொண்டுபோயிற்று. நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்னும் பெயரால் சுட்டும் நோய் வகையைச் சார்ந்தது அது. குடல் உணவின் சத்தை உறிஞ்சும் ஆற்றலை இழக்கும்; கழிச்சல் நிற்காது; நாக்குப் புண்ணாகும்; இரத்தம் வெளுக்கும்; உண்டும் பட்டினி கிடந்தவர் போல் உடல் மெலிந்து போகும். அக்கால மேலை மருத்துவத்தில் அதற்கு உறுதியான மருந்து இல்லை.

அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேதச் சிகிச்சையால் அவர் பிழைத்தார். இரு சகோதரர் இறக்கத் தாம் மட்டும் பிழைத்த ஒருவரின் உள்ளத்தில் இயல்பாக எழும் வினா அவர் உள்ளத்திலும் எழுந்தது. அந்நோய் எதனால் வருகிறது? அதைத் தீர்க்கும் பொருள் எது? அது எங்கே ஒளிந்திருக்கிறது? பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட பல ஆய்வுகளுக்கு அடியில் இவ்வினா நீரோட்டம் போல் ஓடிக்கொண்டிருந்ததை அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து படிப்போர் உணரலாம்.

கடல் கடந்த கல்வி

வெப்பமண்டல நோய்களைக் கற்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் செல்வதென முடிவு செய்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவியது. மாமனாரும் பொருள் தந்தார். அறத்திற்கென ஒருவர் ஒதுக்கிச் சென்ற செல்வம், அவர் காணாத ஒரு மாணவனைக் கடல் கடத்திவிட்டது. கல்விக்கு உதவும் அறக்கட்டளைகளை நடத்துவோரும் அவற்றிற்கு வாரி வழங்குவோரும் நினைந்து மகிழத்தக்க செய்தி இது. விதைத்தவர் அறியாத நிலத்திலும் விளைவு உண்டாகிறது.

1922ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். இளம் மனைவி தாயகத்தில் தங்கினார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவத் துறைக்கு அப்போது தலைமை தாங்கியவர் ரிச்சர்டு ஸ்டிராங். படிப்பிற்கு இடம் கிடைத்தது. வாழ்க்கைச் செலவிற்கு வழியில்லை. மருத்துவராகப் பயிற்சி பெற வேண்டியவர், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர ஏவலராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைத் துலக்கித் தூய்மை செய்வது அவருடைய வேலை.

பிறந்த ஊரில் அவர் செய்யத் துணிந்திருந்தால் சுற்றத்தார் பொறுத்திருக்க மாட்டாத வேலை அது. அதை அவர் இழிவாகக் கருதவில்லை. பகலில் நோயின் இலக்கணத்தைப் படித்தார். இரவில் நோயாளியின் அருகில் நின்றார். பிணியாளர்க்குத் தொண்டு செய்ய விரும்பி மடத்தின் கதவைத் தட்டிய இளைஞருக்கு, அத்தொண்டின் மிகத் தாழ்ந்த படியும் பழக்கமாயிற்று. 1924ஆம் ஆண்டு வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றார்.

நீல நிறம் சொன்ன உண்மை

பட்டயம் பெற்ற பின் சுப்பாராவ் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். உடலில் நிகழும் வேதி மாற்றங்களை ஆராய்வது உயிர்வேதியியல். அன்று அது இளந்துறை. இரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் உள்ள பாஸ்பரசின் அளவைத் துல்லியமாகக் கணக்கிடுவது பெரும்பாடாக இருந்தது. அளவிடத் தெரியாதவரை ஆராயவும் முடியாது.

ஃபிஸ்கேயும் சுப்பாராவும் இதற்கு ஒரு வழி கண்டனர். மாதிரியுடன் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்தால் பாஸ்பேட்டு அதனுடன் இணையும். அவ்விணைப்பைத் தக்க ஒடுக்கும் பொருளால் மாற்றினால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் ஆழும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இந்நீலத்தை ஒப்பிட்டால் பாஸ்பரசின் அளவு தெரிந்துவிடும். சிறிதளவு இரத்தமே போதும், நேரமும் குறைவு. 1925ஆம் ஆண்டு வெளியான இம்முறை ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை எனப் பெயர் பெற்றது. பல தலைமுறை மாணவர்கள் உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் இப்பெயரைச் சொல்லியே அளவீடு கற்றனர். இரவு ஏவலராக வேலை செய்தவர் பாஸ்டன் வந்த மூன்றாண்டிற்குள் இதைச் செய்தார்.

அடுத்த கண்டுபிடிப்பு இதனினும் நுட்பமானது. தசைச் சாற்றில் இம்முறையைக் கையாண்டபோது நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. சிறிது சிறிதாக ஆழ்ந்துகொண்டே சென்றது. இத்தகைய தாமதத்தைப் பிழையென்று ஒதுக்கிச் செல்வது எளிது. அவர்கள் ஒதுக்கவில்லை. தசையினுள் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிணைத்து வைத்திருக்கிறது. அமிலத்தில் அது மெல்ல உடைந்து பாஸ்பேட்டை வெளிவிடுகிறது. அதனால்தான் நிறம் தாமதமாக ஆழ்கிறது என்று உய்த்துணர்ந்தனர். அப்பொருளைப் பிரித்தெடுத்து 1927ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர். அதுவே பாஸ்போகிரியேட்டின். அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் இணையரும் இப்பொருளைத் தனியாகக் கண்டறிந்திருந்தனர்.

தசை இயங்கும்போது குறைந்து, ஓய்வில் மீண்டும் சேரும் பொருள் இது. சர்க்கரைப் பொருள் லாக்டிக் அமிலமாக மாறுவதே தசை இயக்கத்தின் நேரடி ஆற்றல் என்ற கொள்கை அன்று கோலோச்சியது. அதை ஒட்டிய ஆய்வுகளுக்கு 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. பாஸ்போகிரியேட்டின் கண்டுபிடிப்பு அக்கொள்கையை மறுபரிசீலனை செய்யும் நிலைக்கு ஆய்வுலகைக் கொண்டுவந்தது.

1929ஆம் ஆண்டு மற்றொரு பொருளையும் அவர்கள் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அவ்வாண்டே அதைக் கண்டறிந்தார். அப்பொருள் ஏ.டி.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் ட்ரை பாஸ்பேட்டு. இன்று பள்ளிப் பாடநூல்கள் அதை உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று அறிமுகம் செய்கின்றன. புழு முதல் மனிதர் வரையும், புல் முதல் ஆலமரம் வரையும் உயிர்கள் யாவும் ஆற்றலுக்கு இந்த ஒரே நாணயத்தைக் கையாளுகின்றன. ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கும் மரபில் வந்த நமக்கு இச்செய்தி வியப்பினும் நிறைவையே தரும்.

பேர் வேண்டா உழைப்பு

1930ஆம் ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி வாய்க்கவில்லை. தம் பங்கை எடுத்துச் சொல்லி முன்னிற்கும் இயல்பும் அவரிடம் இல்லை. அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சில அக்காலத்தில் வெளியிடப்படாமல் போனதால், பின்னாளில் பிறர் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்தது. அதே துறையில் மாணவராக இருந்து பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1940ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். அங்கும் கண்டுபிடிப்புகளின் பெருமையை உடன் உழைத்த இளைஞர்க்கே விட்டுக்கொடுத்தார். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நாம் பெரும்பாலும் பொன்னோடும் நிலத்தோடும் பொருத்தியே பார்க்கிறோம். புகழும் ஒரு பொருளே. அதைக் குவித்து வைத்துக்கொள்ள விரும்பாதவர் மிகச் சிலர். அவருள் ஒருவர் சுப்பாராவ்.

வினாவிற்குக் கிடைத்த விடை

இளமையில் எழுந்த வினாவிற்கு விடை கிடைத்தது இங்கேதான். 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாயில், ஆலைத் தொழில் செய்த கருவுற்ற ஏழைப் பெண்களிடம் கடும் இரத்தசோகையைக் கண்டார். ஈஸ்ட் சாற்றை உண்டவர்கள் குணமடைந்தனர். அச்சாற்றிலுள்ள மருந்துப் பொருள் எதுவென அவருக்குப் புலப்படவில்லை. 1941ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநில ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைச் செறிவாகத் திரட்டி, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அதன் வடிவத்தை அறிந்து, 1945ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்து காட்டியது சுப்பாராவ் தலைமையிலான குழு.

அம்மருந்து இரத்தசோகையைப் போக்கியது. ஸ்புரூ நோயாளிகளையும் எழுந்து நடக்கச் செய்தது. சகோதரர் இருவரைக் காக்க வந்திருக்க வேண்டிய மருந்து, கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் தாழ்ந்து, அவர்களுடைய சகோதரரின் கூடத்திலிருந்து உலகத்தார் அனைவர்க்குமாக வந்தது.

ஃபோலிக் அமிலத்தைப் போன்ற வடிவமும் அதற்கு எதிரான செயலும் உடைய பொருள்களையும் அக்குழு உருவாக்கியது. அவற்றைக் கொண்டு பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவம் செய்து, 1948ஆம் ஆண்டு தற்காலிகக் குணம் கண்டதை அறிவித்தார். புற்றுநோய்க்கு மருந்தே இல்லை என்ற நிலை அன்று அசைந்தது. அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. அதே 1948இல், பெஞ்சமின் டக்கர் அக்கூடத்தில் கண்டெடுத்த ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியும் வெளிவந்தது.

நம் பகுதி மக்கள் மிக நெருங்கி அறிந்த மருந்தும் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்கள் யானைக்கால் நோய்க்கு ஆளாகினர். அதற்கு மருந்து தேடிய முயற்சியில், சுப்பாராவின் குழு 1947ஆம் ஆண்டு டை எத்தில் கார்பமசின் என்னும் மருந்தை வெளிக்கொணர்ந்தது. புதுச்சேரியும் அதனைச் சூழ்ந்த கடலோர ஊர்களும் யானைக்கால் நோயால் பட்ட துன்பம் மூத்தோர் அறிவர். 1975ஆம் ஆண்டு புதுச்சேரியில் நிறுவப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் அந்நோயின் கொசுக்களை ஆராய்ந்தது. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று கொடுத்த யானைக்கால் தடுப்பு மாத்திரை, சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்த அதே மருந்து. அதை விழுங்கியவர்களுள் அவர் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

நம் மனத்தில் எழும் இரண்டு வினாக்கள்

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இவ்வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு வினாவை மறைத்துவிட்டுச் செல்லல் ஆகாது. தசையும் கல்லீரலும் விலங்குகளிடமிருந்தே பெறப்பட்டன. மருந்தின் பயன் பெரிது என்பதால் அவ்வுயிர்களின் வலி சிறிதாகிவிடாது. ஆனால் அவ்வாய்வு எத்திசையில் சென்றது என்பதையும் நாம் காண வேண்டும். 1926ஆம் ஆண்டு முதல் கொடிய இரத்தசோகையுற்றோர்க்கு நாள்தோறும் கல்லீரலை உண்ணக் கொடுப்பதே மருத்துவமாக இருந்தது. சுப்பாராவும் பல்லாண்டுகள் கல்லீரல் சாற்றை ஆராய்ந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்ய முடிந்தபின், அப்பொருளுக்காக ஓர் உயிரின் கல்லீரலை நாட வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. அது கீரையிலும் பயறுகளிலும் உள்ளது என்பதும் தெளிவாயிற்று. உயிர்வதை குறைந்த ஆய்வு முறைகளைத் தேடிக் காண்பது எஞ்சிய பணி. அப்பணிக்குச் சமண இல்லங்களில் பிறந்த உயிர்வேதியியல் மாணவர்களைவிடத் தகுதியுடையவர் யாவர்?

இரண்டாம் வினா சேஷகிரி அம்மையாரைப் பற்றியது. 1922இல் கடல் கடந்த கணவர் திரும்பி வரவில்லை. இருவருக்கும் பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. படிப்பு முடியட்டும், ஆய்வு முடியட்டும் என்று ஆண்டுகள் கழிந்தன. துறவு ஏற்கத் தாயின் இசைவு வேண்டும் என்றது மடம். ஆய்வுத் துறவிற்கு மனைவியின் இசைவை நாடியவர் எவருமில்லை. சுப்பாராவின் ஈகையைப் போற்றும்போது, அதன் விலையில் ஒரு பகுதியைப் பல்லாண்டுத் தனிமையால் செலுத்திய அம்மையாரையும் சேர்த்தே போற்றுவது நேர்மை. நம் பிள்ளைகள் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் உழைக்கும் இக்காலத்தில், வீட்டிலிருப்போரின் காத்திருப்பையும் கணக்கில் கொள்ளுமாறு இவ்வாழ்க்கை நினைவூட்டுகிறது.

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேர்ல் ரிவரில் உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 53. அமெரிக்கக் குடியுரிமையை அவர் இறுதிவரை பெறவில்லை. 1995ஆம் ஆண்டு, அவருடைய நூற்றாண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

நம் இளைஞர்க்கு

பாகூர் ஏரி பாயும் வயல்களுக்கு நடுவிலும், சோரியாங்குப்பத்தின் ஆற்றங்கரையிலும், செஞ்சி, வந்தவாசி வட்டாரத்து நம் ஊர்களிலும் படிக்கும் பிள்ளைகள் பலர் மருத்துவர் ஆக விரும்புகின்றனர். ஜிப்மர் போன்ற கல்லூரிகளில் ஓர் இடத்திற்குப் பல்லாயிரம் பேர் போட்டியிடுகின்றனர். இடம் கிடைக்காத பிள்ளை தன் வாழ்க்கையே முடிந்துவிட்டதென எண்ணி அறைக்குள் முடங்குவதையும், பெற்றோர் சுற்றத்தார் முன் கூசுவதையும் ஆண்டுதோறும் காண்கிறோம். சில இல்லங்களில் அத்துயரம் மீட்க இயலாத இழப்பிலும் முடிகிறது.

அத்தகைய இல்லங்களுக்குச் சுப்பாராவின் வாழ்க்கை சொல்வது இதுவே. மெட்ரிகுலேஷனில் இருமுறை தோல்வி. விரும்பிய துறவு கைகூடவில்லை. விரும்பிய பட்டமும் கிட்டவில்லை. அரசுப் பணியில் இடமில்லை. ஹார்வர்டில் நிலையான பதவி இல்லை. மூடிய கதவுகளை எண்ணினால் ஐந்துக்கு மேல் வரும். அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தவை இரண்டு. கண்முன் மாண்ட சகோதரர்கள் விட்டுச் சென்ற வினா ஒன்று; கையிலெடுத்த எவ்வேலையையும் இழிவென்று எண்ணாமல் நுட்பமாகச் செய்யும் பழக்கம் மற்றொன்று. தேர்வு இவ்விரண்டையும் அளப்பதில்லை.

தோற்று வந்த மகனுக்கு மூன்றாம் முறை எழுத வாய்ப்பளித்த வெங்கம்மாவைப் போல் ஒரு தாயும், முகம் தெரியாத மாணவனுக்கு வழிச்செலவு தந்த காக்கிநாடா அறக்கட்டளையைப் போல் ஓர் அறமும் ஒவ்வோர் ஊரிலும் இருக்குமாயின், ஔடத தானம் செய்யும் கைகள் நம்மிடையேயும் தோன்றும். இவ்விழா நாளில் நாம் அளிக்கும் சாத்திர தானம், நாளை ஒரு மாணவரின் கையால் ஔடத தானமாகவும், அதனால் பிழைக்கும் உயிர்க்கு அபய தானமாகவும் மலரட்டும்.

அறம் வளர்க.